ஓர் எச்.ஐ.வி. மாத்திரைக்குப் பின்னால் எத்தனை நாடுகள்?

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிறுத்தம் வரும். தினமும் அந்தப் பெயரைக் காதில் வாங்குகிறவர்களில் பலருக்கு சானடோரியம் என்றால் என்னவென்று தெரியாது. காசநோய் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. மருந்து கண்டுபிடிக்காத நாட்களில் நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம் என்று நம்பி ஊருக்கு வெளியே கட்டினார்கள். 1990களில் அங்கே இன்னொரு வகை நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வெளியே தெரிவது காசநோய், அதற்கு அடியில் எச்.ஐ.வி. மற்ற இடங்களில் தொடத் தயங்கியவர்களை அந்த மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. சில வருடங்களிலேயே நாட்டில் மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் அந்த மாத்திரை அந்தக் கவுன்டருக்கு வந்து சேர்ந்த பாதை ஜெனீவா, பாரீஸ், பிரிட்டோரியா, தோஹா, வாஷிங்டன், மும்பை என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றியது. இந்தக் கட்டுரையில் அந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

‘சர்வதேச ஒத்துழைப்பு’ என்றதும் வரிசையாகக் கொடிகளும், அதன் முன்னால் சிரித்தபடி கைகுலுக்கும் தலைவர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எய்ட்ஸ் விஷயத்தில் நடந்தது வேறு. யார் கண்டுபிடித்தது, யார் பணம் கொடுப்பது, மருந்து யாருக்குச் சொந்தம் என்று நாற்பது வருடமாகச் சண்டை. ஒவ்வொரு சண்டையும் எந்த இடத்தில் சமரசமாகி நின்றதோ, அதைத்தான் இன்று ஒத்துழைப்பு என்கிறோம்.

சரி, அடிப்படையை ஒரு முறை பார்த்துவிடுவோம். எச்.ஐ.வி. என்பது வைரஸ். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை நடத்துகிற சிடி4 என்ற வெள்ளணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கும். பல வருடங்கள் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளணுக்கள் மிகவும் குறைந்த பிறகு, மற்றவர்களை எளிதில் தொடாத கிருமிகள்கூட ஆளைச் சாய்க்கும். அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பெயர்தான் எய்ட்ஸ். பாதுகாப்பில்லாத உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்குப் பிரசவத்திலோ பாலிலோ என்று இது பரவும் வழிகள் கொஞ்சம்தான். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் வராது. வைரஸை உடம்பிலிருந்து முழுவதும் விரட்ட இன்றைய மாத்திரைகளால் முடியாது. ஆனால் தினமும் போட்டுக்கொண்டால் வைரஸைப் பெருகவிடாமல் அமுக்கி வைக்கலாம். ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல். ஒரு தடவை போட்டு முடிகிற தடுப்பூசி என்றால், பணம் திரட்டி ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். இது மாதாந்திர மளிகைச் செலவு மாதிரி, நிற்காது.

முதல் சண்டை: வைரஸ் யாருடையது?

1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு இருந்தது. எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகில் பதிவான முதல் எழுத்து அதுதான். 1983-ல் பாரீஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூஸி, லுக் மோன்டான்யே குழு ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ராபர்ட் கேலோ, எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸைத் தாம் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ரத்தப் பரிசோதனைக்கான காப்புரிமையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் வழக்குப் போட்டது.

உள்ளே இருந்தது கௌரவம் மட்டும் இல்லை. உலகம் முழுக்க ஒவ்வொரு ரத்தப் பையையும் சோதிக்கப் போகிற கருவியின் ராயல்டி. கடைசியில் 1987-ல் அமெரிக்க அதிபர் ரீகனும் பிரான்ஸ் பிரதமர் சிராக்கும் உட்கார்ந்து, பெருமையையும் வருமானத்தையும் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு கிருமியின் உரிமைக்காக இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் போட்டது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கேலோவின் ஆய்வகத்தில் வளர்ந்த வைரஸ், பாரீஸிலிருந்து அனுப்பி வைத்த மாதிரியிலிருந்தே வந்தது என்பது பின்னால் தெரிந்தது. 2008-ல் நோபல் பரிசு பிரெஞ்சுக்காரர்கள் இருவருக்கும்தான் போனது.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த 1986-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடமிருந்து ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடி உறுதிசெய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அது மேல்நாட்டு வியாதி, நம் ஊருக்கு வராது என்று அதுவரை தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணுகிறவர்கள்

1987-ல் உலக சுகாதார நிறுவனம் எய்ட்ஸுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அதன் தலைவர் ஜோனதன் மான், முன்பு ஆப்பிரிக்காவின் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டில் எய்ட்ஸ் ஆராய்ச்சி நடத்தியவர். அந்த வருடம் அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு நோயைப் பற்றி விவாதித்தது. மூன்று தொற்றுகள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன என்று மான் விளக்கினார். முதலில் சத்தமில்லாமல் வைரஸ் பரவுகிறது. சில வருடம் கழித்து எய்ட்ஸ் நோய் வருகிறது. மூன்றாவது, அதைக் கண்டு பயந்த சமூகம் காட்டுகிற வெறுப்பும் ஒதுக்கலும். மூன்றாவதைச் சமாளிக்காமல் முதல் இரண்டையும் சமாளிக்க முடியாது என்பது அவர் வாதம். ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர் பரிசோதனைக்கே வர மாட்டார் அல்லவா? பின்னால் வந்த உலகத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு கருத்து ஓடுகிறது. ‘எய்ட்ஸ் நோயாளி’ என்பதை விட்டு ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்று எழுதப் பழகியதும் அதன் தொடர்ச்சிதான்.

மான் 1990-ல் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு ராஜினாமா செய்தார். அதற்குள் ஐ.நா.வின் ஒவ்வொரு அமைப்பும் ஆளாளுக்கு ஓர் எய்ட்ஸ் திட்டம் வைத்திருந்தது. ஒரே நாட்டு சுகாதார அமைச்சர் ஒரே வாரத்தில் நாலு குழுக்களுக்கு ஒரே கணக்கைச் சொல்ல வேண்டிய நிலை. இதைச் சரிக்கட்டத்தான் 1996-ல் யுஎன்எய்ட்ஸ் பிறந்தது. பீட்டர் பியோ என்ற பெல்ஜியம் மருத்துவர் முதல் தலைவர். ஆரம்பத்தில் ஆறு ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து நடத்தின. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் பிரதிநிதிகளுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் கொடுத்தார்கள். வேறு எந்த ஐ.நா. திட்டத்திலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

யுஎன்எய்ட்ஸ் ஆஸ்பத்திரி நடத்துவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை. அப்படியானால் என்னதான் செய்கிறது? முக்கியமாக, எண்ணுகிறது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் எத்தனை பேர் என்று தெரியாமல் எவ்வளவு மருந்து வாங்குவது, எவ்வளவு பணம் கேட்பது? எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் நாடே உதாரணம். 2006-ல் இந்தியாவில் 57 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகத்திலேயே நாம்தான் முதலிடம் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. வீடு வீடாகப் போன தேசிய குடும்பநல ஆய்வின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மறு வருடமே அது சுமார் 25 லட்சமாகக் குறைந்தது. நோய் ஒரே வருடத்தில் பாதியாகக் குறையவில்லை. அளவுகோல் மாறியது.

ரசமும் செய்முறையும்

இப்போது மாத்திரைக்கு வருவோம். நான் அதிகம் எழுத விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

எச்.ஐ.வி. வேகமாக உருமாறும். ஒரு மருந்து கொடுத்தால் தப்பித்துவிடும். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அதனால் எளிதில் தப்ப முடியாது. 1996-ல் வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் இந்தக் கூட்டு மருந்தின் பலன் உலகுக்குத் தெரிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் சில மாதங்களில் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் விலை? ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். அன்றைய கணக்கில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். பணக்கார நாடுகளில் மரணம் சடசடவென்று குறைந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் இருந்த ஆப்பிரிக்காவில் சவப்பெட்டிக் கடைகள்தான் பெருகின.

இத்தனைக்கும் அந்த மாத்திரையைத் தயாரிக்க அவ்வளவு செலவு ஆகாது. விலையில் பெரும்பகுதி காப்புரிமைக்கானது. இங்கேதான் இந்தியச் சட்டம் ஒன்று உள்ளே வருகிறது.

நம் வீட்டு ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புது ரசம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். ‘இந்த ரசம் என்னுடையது, வேறு யாரும் வைக்கக் கூடாது’ என்று அவருக்கு உரிமை கொடுத்தால் அது பொருளுக்கான காப்புரிமை. ‘இந்த முறையில் வைப்பது என்னுடையது’ என்று மட்டும் கொடுத்தால் அது செய்முறைக்கான காப்புரிமை. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து, வேறு வழியில் அதே ருசியைக் கொண்டுவந்தால் யாரும் கேட்க முடியாது. இந்தியாவின் 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டும்தான் கொடுத்தது. (சட்டத்தின் அதே பிரிவில் உணவுப் பொருளும் உண்டு. ஆகவே ரசம் உதாரணம் சட்டப்படியே சரி.) அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்து கம்பெனிகள் வெளிநாட்டு மருந்துகளை வேறு வழியில் செய்து, குறைந்த விலையில் விற்கக் கற்றுக்கொண்டன.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். அன்று பரவலாகப் பயன்பட்ட மூன்று மருந்துகள் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். முதலாவதை விற்றது அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப். இரண்டாவது கனடாவில் உருவாகி பிரிட்டனின் கிளாக்ஸோவின் கைக்குப் போனது. மூன்றாவது ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம். மூன்று நாடு, மூன்று கம்பெனி, மூன்று காப்புரிமை. ஒருவர் மருந்தை இன்னொருவர் தொட முடியாது. அதனால் நோயாளி வேறு வேறு டப்பாக்களைத் திறந்து, வேறு வேறு மாத்திரைகளை விழுங்க வேண்டும். பொருள் காப்புரிமை இல்லாத இந்தியாவில் மும்பையின் சிப்லா நிறுவனத்துக்கு அந்தத் தடை இல்லை. மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்தது. அதனால் விலையும் குறைந்தது, மறந்து ஒன்றை விடுவதும் குறைந்தது. மூன்றில் ஒன்றைப் போடாமல் விட்டால் வைரஸ் தப்பிக்க வழி கிடைக்கும். ஆகவே ஒரே மாத்திரை என்பது வெறும் சௌகரியம் இல்லை, நோயாளியைக் காப்பாற்றும் விஷயம்.

2001 பிப்ரவரியில் சிப்லாவின் தலைவர் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு இந்தக் கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். 10,000 எங்கே, 350 எங்கே! நாளுக்கு ஒரு டாலருக்கும் கீழே. அதற்கு முன் ‘ஆப்பிரிக்காவுக்கு மருந்தா, கட்டுப்படியாகாது’ என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு அதோடு செல்லாமல் போனது.

பிரிட்டோரியா நீதிமன்றமும் தோஹாவும்

மலிவான மருந்து இருந்தால் மட்டும் போதாது, அதை வாங்க நாடுகளுக்குச் சட்ட அனுமதி வேண்டும். தென்னாப்பிரிக்கா 1997-ல் மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டம் கொண்டுவந்தது. 39 மருந்து கம்பெனிகள் சேர்ந்து பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. எதிர்வாதிகள் பட்டியலில் முதல் பெயர் நெல்சன் மண்டேலா. அப்போது அவர்தான் அதிபர். 27 வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் மேல், நோயாளிகளுக்கு மலிவாக மருந்து கொடுக்கப் பார்த்ததற்காக வழக்கு! இதைவிட மோசமான விளம்பரத்தை அந்தக் கம்பெனிகள் காசு கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது. சிகிச்சைக்கான போராட்ட இயக்கம் ஒன்றை நோயாளிகளே தொடங்கித் தெருவில் இறங்கினார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 2001 ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கின.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வழக்கில் ஜெயித்த அதே அரசு உடனே மருந்து கொடுக்கவில்லை. மண்டேலாவுக்குப் பின் வந்த அதிபர் எம்பெக்கிக்கு, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்றே சந்தேகம். கர்ப்பிணிகளுக்கு நெவிராபின் கொடுக்கச் சொல்லி அதே போராட்ட இயக்கம் இந்த முறை சொந்த அரசு மேல் வழக்குப் போட்டு, 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஜெயித்தது. வெளிநாட்டுக் கம்பெனி வில்லன், உள்நாட்டு அரசு நல்லவன் என்று எளிதாகக் கதை சொல்ல முடியாதபடி வரலாறு அடிக்கடி இப்படிச் செய்துவிடுகிறது.

2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பு கூடியது. மக்களின் உடல்நலம் ஆபத்தில் இருக்கும்போது காப்புரிமை விதிகள் குறுக்கே நிற்கக் கூடாது, தேவைப்பட்டால் அரசு ‘கட்டாய உரிமம்’ கொடுத்து வேறு கம்பெனியைத் தயாரிக்கச் சொல்லலாம் என்று அங்கே அறிவித்தார்கள். பணக்கார நாடுகள் இதற்கு இறங்கி வந்ததில் அந்தச் சமயத்துச் சூழ்நிலைக்கும் பங்கு உண்டு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்காவில் தபாலில் ஆந்திராக்ஸ் பொடி வந்து பீதி கிளம்பியிருந்தது. அதற்கான மருந்தின் விலையைக் குறைக்காவிட்டால் காப்புரிமையைத் தள்ளிவைப்போம் என்று அமெரிக்காவே ஜெர்மன் கம்பெனியை மிரட்டியிருந்தது. தன் வீட்டுக்கு வந்தபோது ஒரு நியாயம், அடுத்த வீட்டுக்கு இன்னொரு நியாயம் என்று பேச முடியவில்லை. தோஹாவில் கிடைத்த இந்த உரிமையைத் தாய்லாந்து 2006-லும் பிரேசில் 2007-லும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குப் பயன்படுத்தின.

உண்டியலில் யார் போடுவது?

மருந்து மலிவானாலும் யாராவது பணம் கொடுக்க வேண்டுமே. இரண்டு பெரிய உண்டியல்கள் உருவாயின, இரண்டும் இரண்டு விதம்.

ஒன்று குளோபல் ஃபண்ட். எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்து 2002-ல் ஜெனீவாவில் தொடங்கினார்கள். பல நாடுகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பணம் போடும். தேவைப்படும் நாடு தானே திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் திட்டத்தை அரசு அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுத முடியாது. தொண்டு நிறுவனங்களும், நோயோடு வாழ்பவர்களும் இருக்கும் ஒரு குழு எழுத வேண்டும். வெளியிலிருந்து நிபுணர்கள் அதைப் படித்துப் பார்த்துப் பரிந்துரைப்பார்கள். உதவி வாங்கும் எந்த நாட்டிலும் குளோபல் ஃபண்டுக்குச் சொந்த அலுவலகம் கிடையாது. தாம்பரத்தில் தொடங்கிய இந்தியாவின் இலவச மருந்துத் திட்டம் மற்ற ஊர்களுக்கு விரிந்ததில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று பெப்ஃபார், அமெரிக்காவின் தனித் திட்டம். 2003 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ், ஐந்து வருடத்தில் 1,500 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசினார். மருந்து விலை வருடத்துக்கு 12,000 டாலரிலிருந்து 300-க்கும் கீழே இறங்கிவிட்டது, அதனால் இது இப்போது சாத்தியம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த 300 டாலர் மருந்து எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் பெப்ஃபார் பணத்தில் காப்புரிமை உள்ள விலை கூடிய மருந்துகளைத்தான் வாங்கினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு நாட்டு மாத்திரைகளைச் சோதித்து அனுமதிக்கும் வழி வந்த பிறகுதான் இந்திய மாத்திரைகள் உள்ளே வந்தன. சில வருடங்களில், வளரும் நாடுகளுக்காக நன்கொடைப் பணத்தில் வாங்கிய எச்.ஐ.வி. மருந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் தயாரானவை.

பெப்ஃபார் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. ஒரு நாடு ஒரே நோய்க்காக இவ்வளவு செலவழித்தது வேறு எங்கும் இல்லை. அதோடு கூடவே நிபந்தனைகளும் வந்தன. தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை கட்டுப்பாடாக இருங்கள் என்ற பிரசாரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்றது முதல் சட்டம். பாலியல் தொழிலை எதிர்க்கிறோம் என்று உதவி வாங்கும் அமைப்புகள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். பாலியல் தொழிலாளிகளோடு சேர்ந்துதான் எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும் என்று நம்பிய பிரேசில், 2005-ல் 4 கோடி டாலர் அமெரிக்க உதவியே வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இன்னொரு முரண்பாடு: அவ்வளவு கொடுத்த அதே அமெரிக்கா 1987 முதல் எச்.ஐ.வி. உள்ள வெளிநாட்டவரை உள்ளே விட மறுத்தது. 1992-ல் பாஸ்டனில் நடக்க வேண்டிய உலக எய்ட்ஸ் மாநாட்டை அதனால் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். 2010 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

எனக்குப் பிடித்த உண்டியல் ஒன்று உண்டு, சின்னது. 2006-ல் பிரான்ஸ் விமான டிக்கெட்டுகளில் ஒரு சிறு வரி போட்டது. ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் போனால் ஒரு யூரோ. அந்தப் பணம் யுனிடெய்ட் என்ற அமைப்புக்குப் போனது. பாரீஸிலிருந்து ரோமுக்கு விடுமுறைக்குப் போனவர், தனக்கே தெரியாமல் ஏதோ ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் மருந்துக்குப் பணம் கொடுத்திருப்பார். குழந்தை என்று சும்மா சொல்லவில்லை. பணக்கார நாடுகளில் எச்.ஐ.வி.யோடு பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவாகிவிட்டதால், குழந்தைகளுக்கென்று மருந்து செய்ய கம்பெனிகளுக்கு அக்கறை இல்லை. பெரியவர்கள் மாத்திரையை உடைத்து, பொடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யுனிடெய்ட் மொத்தமாக வாங்குவதாக வாக்குக் கொடுத்த பிறகு குழந்தைகளுக்கான மாத்திரை வந்தது.

2005-க்குப் பிறகு இந்தியாவும் உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி பொருளுக்கே காப்புரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. ரசத்துக் கதை முடிந்தது. புது மருந்துகளுக்கு இனி என்ன வழி? 2010-ல் யுனிடெய்ட் ஆரம்பித்து வைத்த ‘மருந்துக் காப்புரிமைக் குளம்’ ஒரு பதில். காப்புரிமை வைத்திருப்பவர் உரிமத்தை அந்தப் பொதுக் குளத்தில் விடுவார். மற்ற கம்பெனிகள் அதிலிருந்து உரிமம் எடுத்து, ஏழை நாடுகளுக்குத் தயாரிக்கும். டோலுடெகிராவிர் என்ற நல்ல மருந்து 2014-ல் அப்படி வந்தது. அதையும் இன்னும் இரண்டையும் சேர்த்த, நாளுக்கு ஒரே ஒரு மாத்திரையை குளோபல் ஃபண்ட் 2023-ல் ஆளுக்கு வருடத்துக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்கியது. நாளுக்குப் பத்து ரூபாய். டீ விலை.

மருந்தே தடுப்பு

இவ்வளவு நேரம் சிகிச்சையைப் பற்றியே பேசிவிட்டேன், தடுப்பு எங்கே என்று கேட்பீர்கள். 1990களிலும் அதற்குப் பிறகும் தடுப்பு என்றால் விளம்பரமும் ஆணுறையும்தான். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாட்டுச் சுவர்களும் பேருந்துகளும் கேட்டது ஒரு தலைமுறைக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். லாரி டிரைவர்களிடமும் பாலியல் தொழிலாளிகளிடமும் வேலை செய்த அந்தக் காலத்துத் திட்டங்களுக்கு உலக வங்கியும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் பணம் தந்தன. அடையாறில் இருக்கும் வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக யுஎஸ்எய்ட் பணத்தில் நடந்த திட்டம் அதில் பெரியது.

2011-ல் எல்லாம் மாறியது. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். சென்னையும் புனேயும் அதில் உண்டு. ஜோடியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்கு வைரஸ் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் அமுங்கியிருந்தால் உடலுறவில் பரவாது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன. அதாவது ஒருவருக்குக் கொடுக்கும் மாத்திரை அடுத்தவருக்கும் காவல். கணக்குப் பார்க்கும் நிதி அமைச்சர்களுக்கு இது புரிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும் அப்படியே. மருந்து இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குப் போகக்கூடியது, மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கும். இந்தப் பரவலை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற முதல் நாடு கியூபா, 2015-ல். 2019-ல் இலங்கையும் அந்தச் சான்றைப் பெற்றது.

யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி 2004-ல் ஒரே வருடத்தில் எய்ட்ஸால் இறந்தவர்கள் சுமார் 21 லட்சம். 2024-ல் 6.3 லட்சம். அந்த வருடம் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்த 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் மருந்து எடுத்தார்கள். ஆனால் அதே வருடத்தில் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றும் வந்தது.

அப்புறம் 2025 ஜனவரி. புதிதாகப் பதவியேற்ற அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. மருந்து நிற்கக் கூடாது என்று பிறகு விலக்கு கொடுத்தாலும், அதற்குள் பல நாடுகளில் கிளினிக்குகள் மூடின, களப்பணியாளர்கள் வேலை இழந்தார்கள். ஒரே ஆளின் தோளில் பெரும்பாரத்தை ஏற்றி வைத்தால் அவர் நகர்ந்ததும் என்ன ஆகும் என்பது தெரிந்தது. குளோபல் ஃபண்டுக்கு 2022-ல் 1,570 கோடி டாலர் உறுதிமொழி கிடைத்திருந்தது. 2025 நவம்பரில் கிடைத்தது 1,134 கோடி.

அதே 2025 ஜூனில், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபாவிர் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், இந்த ஊசி போட்டுக்கொண்ட இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை. அமெரிக்காவில் அதன் விலை வருடத்துக்கு 28,000 டாலருக்கும் மேல். காப்புரிமை வைத்திருக்கும் கிலியட் இந்த முறை வழக்குக்குக் காத்திருக்கவில்லை. ஆறு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து, 120 நாடுகளுக்கு மலிவாக விற்க அனுமதித்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸும் ஹெட்டரோவும் 2027 முதல் வருடத்துக்கு 40 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. 10,000-த்துக்கும் 350-க்கும் இடையில் இருந்த அதே பள்ளம், இந்த முறை மருந்து வந்த கையோடு தாண்டப்படுகிறது.

ஆனால் அந்த 120 நாடுகளின் பட்டியலில் பிரேசில் இல்லை. அர்ஜென்டினா, மெக்ஸிகோ, பெரு மூன்றும் இல்லை. இதே ஊசியின் இன்னொரு பெரிய சோதனைக்குக் கை நீட்டியவர்களில் இந்த நான்கு நாட்டுக்காரர்களும் உண்டு. அவர்கள் எந்த விலைக்கு வாங்குவது என்பது தனிப் பேரமாகிவிட்டது.